'சமைத்துப் பார்': நூலும் உரையும்
சிறார்க்கு அடுதொழில் பயிற்றல் குறித்த ஓர் ஆய்வு

1. முன்னுரை

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் சமய நூல்களையும் புதினங்களையும் சிறுகதைகளையும் இதழ்க் கட்டுரைகளையும் முறைப்படுத்திக் கூறுவர். ஒரு தொழிலைக் கற்பிக்க எழுந்த நூல்கள் அவ்வரலாற்றுள் இடம்பெறுதல் அரிது. தையல், தச்சு, சமையல் ஆகியன பற்றிய நூல்கள் பல்லாயிரம் இல்லங்களில் பயின்று வழங்கினும், நூலகத்தில் அவை வேறோர் அலமாரியிலே ஒதுங்கிக் கிடக்கின்றன. நாள்தோறும் பயிலப்படும் உரைநடையை விடுத்து உரைநடை வரலாறு எழுதுதல் முறையாகாது என்பது எம் கருத்து.

எசு. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' என்னும் நூலை ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டோம். அந்நூல் சிறார்க்குச் சமையல் கற்பிக்கும் நிலையில் எவ்வாறு பயன்படுகின்றது, எவ்விடத்தே அதன் ஆற்றல் நின்றுவிடுகின்றது என்பனவே இக்கட்டுரையின் பொருள். ஸ்ரீவைகுண்டத்தில் ஓர் இல்லத்தில் யாம் நேரிற் கண்ட பயிற்சி ஒன்று இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று.

2. நூலும் அதன் பெயரும்

'சமைத்துப் பார்' நூலின் முதற்பாகம் 1951இல் வெளிவந்தது. நூல் மூன்று பாகங்களாக அமைந்தது. பின்னர் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பெற்றது. ஆசிரியை சென்னையில் வாழ்ந்தவர். இளமையிலேயே கணவரை இழந்து குடும்பப் பொறுப்பினைத் தாங்கியவர். அவருடைய கைத்திறனை அறிந்த உறவினர் சமையல் முறைகளைக் கேட்டவண்ணம் இருந்தனர். அவற்றை நூலாக்குமாறு தூண்டியவர் அவர்தம் உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் ஆவர். ஆகவே இந்நூல் வினாவுக்கு விடையாகப் பிறந்தது. புக்ககம் சென்ற பெண்களும் தாயைப் பிரிந்து அயலூர் சென்றோரும் கேட்ட வினாக்களே இதன் வேர் எனலாம்.

நூற்பெயர் நம் கருத்தை ஈர்க்கின்றது. இதற்கு முன்னும் தமிழில் சமையல் நூல்கள் அச்சேறியுள்ளன. தொ. கி. இராமச்சந்திர ராயரின் 'இந்து பாக சாஸ்திரம்' அவற்றுள் ஒன்று. தஞ்சைச் சரசுவதி மகாலில் 'சரபேந்திர பாக சாஸ்திரம்' உள்ளது. அவையெல்லாம் 'சாத்திரம்' எனப் பெயர் பூண்டு உயர்ந்து நிற்க, மீனாட்சி அம்மாளின் நூல் வீட்டு மொழியிலேயே பெயர் பெற்றது.

'பார்' என்பது ஈண்டு முன்னிலை ஏவல் ஒருமை. 'பாருங்கள்' என்னாது 'பார்' என்றமையால் நூல் தன்னினும் இளையாரை நோக்கிப் பேசுகின்றது என்பது போதரும். தாய் மகளிடத்தும், மாமி மருமகளிடத்தும், பாட்டி பேர்த்தியிடத்தும் பேசும் ஏவல் அது. மேலும், 'பார்' என்னும் சொல் தனிவினையாயின் கண்ணாற் காண்டலைக் குறிக்கும். வினையெச்சத்தின் பின் துணைவினையாய் வருங்கால், முயன்று அறிதலைக் குறிக்கும். 'உண்டு பார்', 'கேட்டுப் பார்', 'எழுதிப் பார்' என்னும் வழக்குகளை நோக்குக. எனவே 'சமைத்துப் பார்' என்பது 'சமைக்க முயல்க. பிழைப்பினும் அஞ்சற்க' என்னும் குறிப்பினை உடையது. 'குக் அண்ட் சீ' என்னும் ஆங்கிலப் பெயரில் சமைத்தலும் காண்டலும் இருவேறு வினைகளாய்ப் பிரிந்து நிற்றலின், முயற்சிப் பொருள் மெலிந்துவிட்டது. முதன்முதல் அடுப்பின்முன் நிற்கும் சிறுவர்க்கு வேண்டிய துணிவு முழுவதும் அத்துணைவினையிலேயே அடங்கியுள்ளது.

3. மடைநூல் மரபு

சமையலை நூலிற் கற்கலாம் என்னும் கொள்கை நமக்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடன் அளிக்கும் விருந்தினைக் கூறுமிடத்து, வீமன் இயற்றிய மடைநூலின் நெறி வழுவாது ஆக்கிய உணவு எனச் சிறப்பிக்கின்றது. சமையலுக்கு நூல் உண்டு, அதனின் வழுவாமை சிறப்பு என்னும் இரண்டும் அதனாற் பெறப்படும். மணிமேகலையின் ஊரலருரைத்த காதையில் ஆடல், பாடல், யாழ், தண்ணுமை முதலிய கலைகளின் வரிசையில் மடைநூற் செய்தியும் எண்ணப்படுகின்றது. ஆண்டுச் சமையல் கற்றுத் தேறும் கலைகளுள் ஒன்று.

இவ்விடத்தே ஒரு செய்தியை நினைத்தல் தகும். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடுகளைத் தேடித் தாமிரபரணிக் கரையூர்களில் அலைந்ததும், ஸ்ரீவைகுண்டத்தை அடுத்துள்ள ஆழ்வார்திருநகரியில் ஏடு பெற்றதும், 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்ததும் தமிழறிஞர் அறிந்தனவே. மடைநூலைப் பற்றிக் கூறும் சிறுபாணாற்றுப்படை அப்பத்தினுள் ஒன்று. அம்மடைநூல் நமக்குக் கிடைத்திலது. அதனைப் பற்றிய குறிப்பைக் காத்துத் தந்ததில் இக்கரைக்கும் பங்குண்டு. எழுதப்பட்ட நூலே மறைந்ததாயின், எழுதப்படாத கைம்முறைகள் எத்துணை மறைந்தன என்று யார் கணக்கிட வல்லார்?

சங்க இலக்கியம் சமையலின் பயனைக் காட்டும் அளவுக்கு அதனைக் கற்ற வகையைக் காட்டவில்லை. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய செய்யுளில் புதுமணப் பெண் தயிரைப் பிசைந்த கையோடும், தாளிப்பின் புகை படிந்த கண்ணோடும், தானே துழந்து அட்ட புளிங்குழம்பைக் கணவற்கு இடுகின்றாள். அவன் நன்றென, அவள் முகம் நுண்ணிதின் மலர்கின்றது. நற்றிணையில் போதனார் பாட்டிலோ, பாலுண்ண மறுத்துப் பந்தரிடை ஓடிய சிறுமி, வறுமையுற்ற கணவன் மனையில் பொழுது மறுத்து உண்டு வாழும் பெருமை கூறப்படுகின்றது. இவ்வறிவை எங்குக் கற்றாள் என்று ஆண்டு வியக்கின்றனர். ஓடி விளையாடிய பருவத்துக்கும் உலைவைக்கும் பருவத்துக்கும் இடையே என்ன நிகழ்ந்தது? யார் கற்பித்தார்? எத்துணை முறை கருகிற்று? அவ்விடைவெளியைப் புலவர் நிரப்பிலர். அவ்வெளியில் நின்று பேசும் நூலாகவே 'சமைத்துப் பார்' எமக்குத் தோன்றுகின்றது.

4. நன்னூல் அளவையும் இந்நூலும்

நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் நன்னூலார் தொகுத்துரைத்தனர். அவ்வளவைகளுள் சிலவற்றை இந்நூலின்மேல் வைத்து நோக்குதல் பொருந்தும்.

சுருங்கச் சொல்லல் இந்நூலின் முதன்மையான அழகு. பொருள்கள் இவை, அளவு இவை, செய்முறை இது என ஒவ்வொரு பண்டமும் வரையறுக்கப்படுகின்றது. சுவையின் பெருமையைப் புகழ்ந்து விரித்தல் இல்லையாதலின், மற்றொன்று விரித்தல் என்னும் குற்றம் நுழைய இடம் பெற்றிலது. அளவினை எழுத்தில் வரையறுத்ததே இதன் பெருஞ்செயல். தொல்காப்பியனார் அளவுப்பெயர் நிறைப்பெயர்களின் முதலெழுத்துக்களை ஒன்பதாக வரையறுத்து நூற்பாச் செய்தமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அளவைச்சொல் புலவர் நோக்குக்குப் புறம்பானதன்று. நம் இல்லங்களில் 'ஒரு கை', 'கண்ணளவு', 'எலுமிச்சங்காய் அளவு' என வழங்கிய அளவைகள் செய்வாரின் கையையும் கண்ணையும் பற்றி நின்றன. எட்டு வயதுச் சிறுமியின் பிடியும் பாட்டியின் பிடியும் ஒன்றாகா. எழுத்திலுள்ள அளவோ இருவர்க்கும் பொது.

நன்மொழி புணர்த்தலும் குறிப்பிடத்தக்கது. சமையற் கல்வியின் ஒரு பாதி வினைச்சொற் கல்வி. வறுத்தல், வதக்கல், பொரித்தல் மூன்றும் சட்டியில் நிகழ்வனவே. எண்ணெயின் அளவும் சூட்டின் அளவும் அவற்றை வேறுபடுத்துகின்றன. அவித்தல் வேறு, வேகவைத்தல் வேறு. மசித்தல் வேறு, கடைதல் வேறு. பொரியல், வறுவல், அவியல், மசியல், துவையல் எனப் பண்டங்களுக்குச் செய்தொழிலே பெயராகி நிற்றலும் காண்க. தொழிலாகுபெயர்க்கு வற்றலையும் பொங்கலையும் எடுத்துக்காட்டும் இலக்கண வகுப்பினும், துவையல் அரைக்கும் அம்மியருகே மாணாக்கர் அவ்விலக்கணத்தை விரைந்து உணர்வர் என்பது எம் துணிபு.

குறைகளும் உள. நூல் 1951இல் எழுந்தது. பதின்ம நிறைகள் 1958 முதலே நம் நாட்டிற் படிப்படியாகப் புகுந்தன. விறகடுப்பும் கரியடுப்பும், ரசத்துக்கு ஈயச்செம்பும், கல்லுரலும் வழங்கிய சமையலறையே அக்காலத்தது. எரிவாயு அடுப்பும் மின்னம்மியும் உடைய இக்காலச் சிறுவர் அக்காலத்து நெருப்பின் அளவைத் தம் அடுப்பிற்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். மேலும், இந்நூல் இளையாரை விளிப்பினும் சிறாரை எண்ணி முறைவைப்புச் செய்யப்பெற்றதன்று. பண்டத்தின் வகைபற்றி அடுக்கப்பட்டதேயன்றி, எளிமையிலிருந்து அருமைக்கு ஏறுமாறு அடுக்கப்படவில்லை. அவ்வேறுபாட்டை நிறைத்தல் கற்பிப்பார் கடன்.

நூலால் கூறவொண்ணாதது ஒன்றுண்டு, அது பதம். பாகு கம்பிப் பதம் அடைந்ததோ, புளியின் பச்சை வாசனை நீங்கிற்றோ, மாவு கைக்கு ஒட்டாது வந்ததோ என்பனவற்றை எழுத்து சுட்டலாம், உணர்த்தல் இயலாது. இதனைக் குன்றக் கூறல் என்று பழித்தல் நேரிதன்று. நூற்பா சுருங்கி நிற்பது உரையை எதிர்நோக்கியே ஆம். தமிழ் மரபில் நூலும் உரையும் சேர்ந்தே பாடம். ஆயின் சமையல் நூலுக்கு உரையாசிரியர் யாவர்? இவ்வினாவிற்கு விடை ஸ்ரீவைகுண்டத்திற் கிடைத்தது.

5. ஸ்ரீவைகுண்டத்து இல்லம்

குமரகுருபரர் பிறந்த ஊர் ஆதலின் யாம் ஸ்ரீவைகுண்டத்துக்குச் செல்வதுண்டு. ஒருமுறை கள்ளபிரான் கோயிலுக்கு அணித்தாயதோர் இல்லத்தில் தங்க நேர்ந்தது. அவ்வில்லத்து ஆச்சி எண்பது கடந்தவர். கண்ணொளி பெரிதும் மங்கியவர். அவருடைய பேர்த்திக்குப் பதினொரு வயது; பேரனுக்கு ஒன்பது. பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்வோர். தைத்த முதுகு விட்டு, மஞ்சட் கறை படிந்த 'சமைத்துப் பார்' முதற்பாகம் ஒன்று அடுக்களைப் பலகைமேல் இருந்தது.

ஞாயிறுதோறும் பேர்த்தி அந்நூலை உரக்கப் படிப்பாள். ஆச்சி கதவுநிலையில் அமர்ந்து கேட்பார். ஒவ்வொரு தொடருக்கும் நிறுத்தி விளக்கம் கூறுவார். பழைய திண்ணைப் பள்ளியில் மூலத்தை ஒருவர் படிக்க ஆசிரியர் பொருளுரைத்த முறையும் இதுவே. யாம் இருந்த அன்று ரசம் பாடமாயிற்று. நூல் கூறிய அளவின்படி சிறுமி புளி கரைத்தாள், பொடியிட்டாள், கொதிக்க வைத்தாள். பருப்பு நீர் விட விரைந்தபோது ஆச்சி தடுத்தார். "ஏட்டி, பச்சை வாசம் இன்னும் போகல. நீ எழுத்தப் பாக்க, நான் மூக்கால பாக்கேன்" என்றார். சிறிது பொழுதில் வாசனை மாறியது எமக்கும் புலனாயிற்று. பருப்பு நீர் விட்டபின் தளதளவெனக் கொதிக்க விடலாகாது, நுரை கூடியவுடன் இறக்கல் வேண்டும் என்றும் உரைத்தார்.

பின்னர்த் தாளிப்பு. சிறுமி கடுகிட்டு, அது வெடிக்குமுன் சீரகத்தை இட்டுவிட்டாள். ஆச்சி காணவில்லை, ஆயினும் அறிந்தார். "கடுகு வெடிச்ச சத்தம் கேக்கலயே, அதுக்குள்ள என்னத்தப் போட்ட?" என்று வினவினார். எழுத்து அறியாத ஒன்றைச் செவி அறிந்தது. உரையாசிரியர் பாடவேறுபாடு காணுமாறு போன்றதே அது.

அடுத்து ஆச்சி கூறியது எம் சிந்தையை நெடுநாள் வருத்திற்று: "இந்தப் புத்தகத்து ரசம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க அம்மை வச்ச ரசம் இதில்ல. அத நான் யாருக்கும் சொல்லிக் குடுக்கல. யாரும் கேக்கவும் இல்ல." மெட்ராசு நகரத்து நூலொன்று அவ்வில்லத்தின் ஆசானாக அமர, அவ்வில்லத்துக்கே உரிய முறை நாவில் நின்று, நாவோடு மறையும் நிலையில் இருந்தது. நூல் அதனைத் துரத்திற்று என்றல் பிழை. அந்நூலைப் படிக்கக் கேட்டதனாலேயே ஆச்சிக்குத் தம் அன்னையின் முறை நினைவில் எழுந்தது. மூலம் இல்வழி உரையும் பிறந்திராது.

அன்று மாலை யாம் சிறுமியிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, ஆச்சி கூறியவற்றை நூலின் ஓரத்திலேயே குறிக்குமாறு கூறினோம். நூலைக் கெடுத்தல் ஆகாதா என்று அவள் தயங்கினாள். ஏட்டுச் சுவடிகளில் நம் முன்னோர் குறித்த குறிப்புக்களே பல உரைகளுக்கு வித்தாயின என்று கூறினோம். முதற்குறிப்பாக அவள் எழுதியது: 'வாசம் மாறும்வரை பொறு.'

6. சிற்றிலும் கூட்டாஞ்சோறும்

அவ்வில்லத்தில் மற்றொன்றும் கண்டோம். ஒன்பது வயதுப் பேரன் அடுக்களை வாயிலில் வந்து நின்றபோது, "ஏலே, ஒனக்கு இங்க என்ன சோலி?" என்று ஆச்சி அவனைப் போக்கினார். அவர் சொல்லிற் கடுமை இல்லை, பழக்கமே இருந்தது.

இப்பழக்கத்துக்கு இலக்கியச் சான்று தேடுவார் பிள்ளைத்தமிழை நோக்கலாம். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவத்தில், மணலில் வீடு கட்டிச் சிறுசோறு சமைத்து விளையாடும் சிறுமியர், தம் சிற்றிலைக் காலால் சிதையற்க எனத் தலைவனாகிய குழந்தையை வேண்டுவர். ஸ்ரீவைகுண்டத்திற் பிறந்த குமரகுருபரர் பாடிய முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழிலும் அப்பருவம் உண்டு. அம்மரபின்படி, அடுதலைப் பயில்பவள் சிறுமி. சிறுவனுக்குரியது அதனைச் சிதைத்தலே. பாட்டின் சுவைக்கு அஃது ஏற்புடைத்தாயினும், இல்லத்தின் கல்விக்கு அதனை விதியாக்கல் தகாது.

மரபு முழுவதும் அப்பக்கத்ததன்று. நம் நாட்டில் சமையலுக்குப் பெயர்போன நளனும் வீமனும் ஆடவர். 'நளபாகம்' எனப் புகழ்ந்துவிட்டு மகனை அடுக்களையினின்றும் விலக்குதல் மாறுகொளக் கூறலாம். நெல்லைச் சீமைச் சிறார் விளையாட்டாகிய கூட்டாஞ்சோற்றையும் நோக்குக. ஒருவன் அரிசி கொணர்வான். ஒருத்தி பருப்புக் கொணர்வாள். ஒருவர் காய், ஒருவர் விறகு எனச் சேர்ந்து ஆக்கி, வட்டமாய் அமர்ந்து உண்பர். காய்கறியும் பருப்பும் அரிசியும் ஒருங்கே வேகும் அப்பெயருடைய உணவு இன்றும் இப்பக்கத்து இல்லங்களில் உண்டு. அவ்விளையாட்டில் சிற்றிலைச் சிதைப்பான் ஒருவனும் இலன். பங்கு கொணராதவனே புறத்தே நிற்பான்.

சிறார்க்கு அடுதொழில் பயிற்றும் முறைவைப்பினையும் கூட்டாஞ்சோறே நமக்குக் காட்டுகின்றது. முதற்கண் நெருப்பில்லாத் தொழில்கள்: அளத்தல், கல் நீக்கல், களைதல், கீரை ஆய்தல், தேங்காய் துருவல். அடுத்து நீரோடு கூடிய நெருப்பு: உலை வைத்தல், பருப்பு வேகவைத்தல். பின்னரே கத்தியும் அரிவாள்மணையும். எல்லாவற்றிற்கும் இறுதியாகக் காய்ந்த எண்ணெயும் தாளிப்பும். காய்ந்த எண்ணெயில் நீர்த்துளி பட்டால் தெறிக்கும் என்பதை அறியாக் குழந்தையின் கையில் கரண்டியைக் கொடுத்தல் அறிவுடைமையன்று. 'சமைத்துப் பார்' நூலைச் சிறாரோடு பயில்வோர், பக்க வரிசையை விடுத்து இவ்வரிசையிற் பண்டங்களைத் தேர்ந்துகொள்ளல் நன்று.

மாணாக்கர் வகையைக் கூறும் நன்னூலார் கடைமாணாக்கர்க்கு இல்லிக்குடத்தையும் நெய்யரியையும் உவமையாக்கினர். நீரை ஒழுகவிடும் குடமும், நெய்யை விடுத்துக் கசடைப் பற்றும் அரிப்பும் அடுக்களைக் கருவிகள். இலக்கண ஆசிரியர் அடுக்களையினின்று உவமை கொண்டனராயின், அடுக்களைக் கல்வியை இலக்கணத்தோடு வைத்து நோக்குதல் நமக்கு இழுக்காகாது.

7. நூலின் எல்லை

'சமைத்துப் பார்' ஒரு குடும்ப மரபின் நூல். சென்னையில் வாழ்ந்த அந்தணர் இல்லத்துச் சைவச் சமையலே அதன் அடிப்படை. அதனைத் தமிழர் சமையல் முழுமைக்கும் நூல் எனல் மிகைபடக் கூறலாகும். ஸ்ரீவைகுண்டத்தினின்று தாமிரபரணியோடு கிழக்கே சென்றால் கடலோரம் வரும். 1961 வரை முத்துக்குளித்துறை நிகழ்ந்த தூத்துக்குடியின் பரதவர் இல்லங்களில் மீன்குழம்பும் கருவாடும் தலைமுறை தலைமுறையாகப் பயின்றவை. அவற்றுக்கு இந்நூலில் இடமில்லை. தேங்காய்ப் பால் பிழிந்து ஆக்கும் நெல்லைச் சொதி, எள்ளுத் துவையலோடு உண்ணும் உளுந்தம்பருப்புச் சோறு ஆகியன இப்பகுதியின் தனிமரபு. ஒரு நூலின் புகழ் ஏனைய மரபுகளின் ஊமைநிலைக்கு ஈடாகாது.

ஆயினும் அக்குறை நூலாசிரியையது அன்று. அவர் தாம் அறிந்ததனை அளவோடும் தெளிவோடும் எழுதினார். மற்றையோர் எழுதாமை மற்றையோர் கடனை மறந்தமையே. நாட்டுப்பாடல்களையும் பழமொழிகளையும் தொகுக்கும் நம் துறைகள், ஓர் ஊரின் அடுக்களைச் சொற்களையும் அளவைகளையும் தொகுத்தல் எளிது. முதுகலை மாணாக்கர் ஒவ்வொருவரும் தம் இல்லத்து முதியோர் ஒருவரிடம் ஒரு பண்டத்தின் செய்முறையைக் கேட்டு, அவர் கூறிய சொல்லிலேயே எழுதிக் கொணர்வாராயின், வட்டார வழக்ககராதிக்கும் பண்பாட்டு வரலாற்றுக்கும் அஃது ஒருங்கே பயன்படும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், 'சமைத்துப் பார்' தமிழ் உரைநடை வரலாற்றில் இடம்பெறத் தக்க தொழில்நூல் என்பதும், சிறாரை நோக்கிய துணிவுச்சொல் அதன் பெயரிலேயே அமைந்துள்ளது என்பதும், பதம் கூறும் உரையாசிரியர் இல்லத்து முதியோரே என்பதும், அவ்வுரை எழுதப்படாவிடின் மறையும் என்பதும், அக்கல்வி மகளிர்க்கே உரியதென வரையறுத்தற்கு நம் மரபு இடந்தராது என்பதும் போதரும்.

ஓராண்டு கழித்து யாம் அவ்வில்லத்துக்கு மீண்டும் சென்றோம். நூலின் ஓரங்கள் பென்சிற் குறிப்புக்களால் நிறைந்திருந்தன. ரசம் பற்றிய பக்கத்தின் அடியில், 'ஆச்சியின் அம்மை வைத்தது' என்னும் தலைப்பின்கீழ் ஏழு வரிகள் எழுதப்பெற்றிருந்தன. கையெழுத்து பேர்த்தியினுடையதன்று. வாயிலில் நின்று போக்கப்பட்ட சிறுவன், ஆச்சி சொல்லச் சொல்ல எழுதியது அது. அவ்வேழு வரிகளில் எழுத்துப்பிழை மூன்று இருந்தன. அவற்றைத் திருத்த எமக்கு மனம் வரவில்லை.